மேலூர் தாண்டிட்டோம்

உக்காந்துட்டேன்மா. நீங்க கையைப் பிடிச்சு இழுக்காட்டியும் உக்காந்திருப்பேன். எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, இல்ல? பாக்கட்டும். அறுபது வயசு ஆகப்போற பொம்பள, கையில குடையை நீட்டிக்கிட்டு, "உங்களுக்கெல்லாம் பொறுப்பு இருக்கா"ன்னு கண்டக்டரைப் பாத்துக் கத்தினா பாக்கத்தான் செய்வாங்க. அந்த மனுஷன் என்ன செய்வாரு? கொஞ்சம் முந்தி அடிச்ச காத்துல ரோட்டுக்குக் குறுக்க புளியமரம் சாய்ஞ்சு கிடக்கு. அவரா தள்ளிவிட்டாரு? டிரைவரோட அவரும் இறங்கிப் போயி, கொப்பு வெட்டறவங்களோட சேந்து தானும் இழுத்துட்டு நிக்காரு. நான் இங்க உக்காந்துட்டுக் கத்தறேன்.

நான் கோவக்காரி இல்லம்மா. எங்க ஸ்கூல்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. கோவக்காரின்னுதான் சொல்லுவாங்க, ஆனா அது வேற. பி.டி. டீச்சரா முப்பத்தோரு வருஷம் விசில் ஊதி, மைதானத்துல நின்னு கத்தி, தொண்டை அப்படி ஆயிருச்சு. நல்ல விஷயத்தைச் சொன்னாலே திட்டற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரரே சொல்லுவாரு.

ஆனா இப்பக் கத்தினது மரத்துக்காக இல்ல. காலையில அருப்புக்கோட்டையில ஒருத்தியைப் பாத்துட்டு வர்றேன். போனைப் போனைப் பாத்துட்டே வர்றேன், நீங்களும் கவனிச்சிருப்பீங்க. சொல்றேன். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்ல வருது.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்துல பொம்பளப் பிள்ளைங்க மேல்நிலைப் பள்ளி ஒன்னு. அங்கதான் வேலை. இந்த மாசத்தோட ரிட்டயர்டு. வெள்ளிக்கிழமை விழா வச்சிருக்காங்க. நான் சொல்றது பதிமூணு வருஷத்துக்கு முந்தி நடந்தது.

அந்த வருஷம் எங்க கோ-கோ டீம் ஸ்டேட்டுக்குப் போச்சு. ஸ்டேட்டுக்கு! கரிசக்காட்டுப் பிள்ளைங்கம்மா. பன்னிரண்டு பேரு. பாதிப் பேருக்கு ஷூ கிடையாது. ஒவ்வொரு டீமா தோக்கடிச்சு, மண்டலத்துல ஜெயிச்சு, மாநிலப் போட்டிக்குப் போச்சுங்க. எல்லாம் நான் குடுத்த பயிற்சி. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் விடமாட்டேன்.

அதுல கேப்டன் முனீஸ்வரி. பிளஸ் டூ படிச்சா. ஒல்லியா, கறுப்பா, சாட்டை மாதிரி இருப்பா. அவளை விரட்டிப் பிடிக்க முடியாது. கைக்கு எட்டுற தூரத்துல வருவா, தொட்டுட்டோம்னு நெனைக்கறப்ப அங்க இருக்கமாட்டா. மதுரையில ஒரு காலேஜ்ல இருந்து விளையாட்டு மேடம் மண்டலப் போட்டிக்கே வந்து பாத்துட்டு, "ஸ்டேட்ல எப்படி ஆடறான்னு பாக்கறேன், நல்லா ஆடினா சீட்டும் ஹாஸ்டலும் நான் வாங்கித் தர்றேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. முனீஸ்வரிக்கு அப்பா கிடையாது. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. அந்தச் சீட்டை விட்டா வேற வழி இல்ல. அது எனக்கும் தெரியும். தெரியாதுன்னு சொல்லமாட்டேன்.

போட்டி மேலூர் தாண்டி ஒரு ஊர்ல. காலையில பத்து மணிக்கு எங்க ஆட்டம். எங்க ஹெச்.எம். தமயந்தி டீச்சர் சொன்னாங்க: "முந்தின நாளே கூட்டிட்டுப் போயிருங்க. அங்க ஸ்கூல்லயே தங்க இடம் குடுக்கறாங்க." நான்தான் வேண்டாம்னேன். வேன் பேசி விடியக்காலைல கிளம்பினா போதும், பிள்ளைங்க வீட்லயே நல்லாத் தூங்கிட்டு வரட்டும்னு சொன்னேன். முந்தின நாள் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா, பிள்ளைங்க தூங்கணும்னுதான் சொன்னேன். ஹெச்.எம். என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "உங்க பொறுப்பு டீச்சர்"ன்னாங்க. அந்த வார்த்தை எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு.

காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் பேரு கடற்கரை. ஆமாம்மா, பேரே கடற்கரைதான், எங்க பக்கம் அப்படி வைப்பாங்க. நல்ல மனுஷன். அருப்புக்கோட்டைக்கு வந்ததும் முனீஸ்வரி எந்திரிச்சு முன்னாடி வந்து, "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல கொஞ்சம் நிப்பாட்டுங்க"ன்னா. ஒம்பதாவது படிக்கற எஸ்தர்னு ஒரு சின்னப் பிள்ளை. அதுக்கு அன்னைக்குப் பாத்து வயித்து வலி, பொம்பளப் பிள்ளைங்க வலி, பாவாடையெல்லாம் ஆயிருச்சு. வாய் திறந்து சொல்லத் தெரியாம அழுதுட்டு இருந்திருக்கு. இவ கூட்டிட்டுப் போயி, மாத்திவிட்டு, கூட்டிட்டு வந்தா. பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்மா. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

காரியாபட்டிக்கு முன்னால வேன் நின்னுபோச்சு. புகை. கடற்கரை இறங்கி மூடியைத் தூக்கிப் பாத்துட்டு, "பெல்ட் அந்துருச்சு டீச்சர்"ன்னாரு. அப்ப மணி ஆறே முக்கால். ரெண்டு பக்கமும் பொட்டக்காடு. அந்த வழியா வந்த பைக்ல ஏறிப் புது பெல்ட் வாங்கப் போனாரு. அரை மணி நேரத்துல பைக்ல இருந்தே போன் பண்றாரு: "டீச்சர், கடை ஒம்பது மணிக்குத்தான் தொறப்பானாம். கடைக்காரன் வீடும் தெரியல."

என்னைக் கேட்டீங்கன்னா, அந்த இடத்துலதான் நான் புத்தியோட யோசிச்சிருக்கணும். யோசிக்கல. கடற்கரையைத் திட்டினேன். வேன் சொந்தக்காரனைத் திட்டினேன். ரோட்டுல நின்னு தனியாத் திட்டிட்டு இருந்தேன். பிள்ளைங்க என்ன பண்ணுச்சுங்க தெரியுமா? ரோட்டோரத்துல உழுதுபோட்ட காடு. அதுல இறங்கி, வரிசையா உக்காந்து, கோ குடுத்து, ஓடிப் பழகிட்டு இருந்துச்சுங்க. "உடம்பு சூடா இருக்கணும்ட்டி"ன்னு முனீஸ்வரி சொல்றது கேக்குது. எஸ்தரை மட்டும் வேன்ல படுக்க வச்சிருந்தா.

அப்பறம் எங்கிட்ட வந்தா. மூச்சு வாங்குது. "டீச்சர், மெயின் ரோடுதானே இது? கவர்மெண்ட் பஸ் நிறைய போகுது. நான் ஆறு பேரைக் கூட்டிட்டு முதல்ல போறேன், நீங்க மீதிப் பேரைக் கூட்டிட்டு அடுத்ததுல வாங்க. மதுரையில மாறினா பத்து, பத்தரைக்குள்ள போயிரலாம்."

எவ்வளவு தெளிவா யோசிச்சிருக்கா பாருங்க, பதினேழு வயசுல. நான் என்ன சொன்னேன்? "நீ டீச்சரா, நான் டீச்சரா?"ன்னேன். "வேன் பேசினது நானு. வேன்லதான் போகணும்"னேன். பஸ்ஸுல போனா ஹெச்.எம். சொன்னது சரின்னு ஆயிரும்ல? முந்தின நாளே போங்கன்னு அவங்க சொன்னாங்க, நான் கேக்கல, வேன் நடு ரோட்டுல நின்னுச்சு, பஸ்ஸுல ஏறிப் போனாங்கன்னு... இப்படியெல்லாம் நான் அப்ப நெனைக்கல. இப்பத்தான் தோணுது. அப்ப கோவம் மட்டும்தான் இருந்துச்சு.

ஏழே முக்காலுக்குப் போன் வந்துச்சு. போட்டி நடத்தற பிச்சைமணி சார். தங்கமான மனுஷன்.

"டீச்சர், எங்க வந்துட்டு இருக்கீங்க? லேட்டாகும்னா இப்பவே சொல்லிருங்க. மத்தியானம் ஆட வேண்டிய ரெண்டு டீமும் முன்னாடி ஆட ஒத்துக்கிட்டாங்க. உங்க ஆட்டத்தை மூணு மணிக்கு மாத்திடலாம். எட்டு மணிக்கு மேலன்னா என் கையில இல்ல."

நான் ரோட்டுல நிக்கேன். முன்னால மூடியைத் திறந்து போட்ட வேன். பொட்டக்காட்டுல பிள்ளைங்க ஓடிட்டு இருக்குங்க. "வேன் நின்னுபோச்சு சார், மத்தியானத்துக்கு மாத்துங்க." அவ்வளவுதான் சொல்லணும். ஒரு வரி. ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும்.

நான் சொன்னேன்: "மேலூர் தாண்டிட்டோம் சார். இந்தா வந்துட்டே இருக்கோம்."

ஏன் சொன்னேன்? பதிமூணு வருஷமா நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். வாயில வந்துருச்சு. மேலூரை நான் கண்ணால பாக்க இன்னும் மூணு மணி நேரத்துக்கு மேல கிடக்கு. அவரு சந்தோஷமா, "அப்ப சரி டீச்சர், வாங்க வாங்க, டீ சொல்லி வைக்கறேன்"னாரு. போனை வச்சுட்டேன். பிள்ளைங்க யாருக்கும் கேக்கல. கேக்கலைங்கறது மட்டும் அப்பவே பாத்துக்கிட்டேன். அது எப்படிம்மா, பொய் தானா வாயில வந்துச்சுன்னா, யாருக்காவது கேட்டுச்சான்னு சுத்திப் பாக்கறது மட்டும் தானாவா வரும்?

கடை தொறந்து, பெல்ட் வந்து, மாட்டி, கிளம்பறப்ப ஒம்பதே முக்கால். போய்ச் சேந்தப்ப பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். பத்தரைக்கே எதிர் டீமுக்கு ஆட்டத்தைக் குடுத்துட்டாங்க. வாக் ஓவர்.

பிள்ளைங்க வேனை விட்டு இறங்கறப்பவே ஜெர்ஸி போட்டு, தலையை இறுக்கிக் கட்டி, தயாரா இறங்குச்சுங்க. பிச்சைமணி சார் எதிர்ல வந்தாரு. "டீச்சர், என்ன இது, மேலூர் தாண்டி..." அதுக்கு மேல அவரைப் பேச விடல நான். பேச விட்டா எல்லாம் வெளிய வந்துருமே. கத்தினேன். வாயில வந்ததெல்லாம் கத்தினேன். கிராமத்துப் பிள்ளைங்கன்னா இளக்காரமா, ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா, எழுதிப் போடறேன் உங்க மேலன்னு. அந்த மனுஷன் முகம் செத்துப்போச்சு. தலையைக் குனிஞ்சு போயிட்டாரு.

அப்பறம்தான்மா நான் அதைச் செஞ்சேன்.

பன்னிரண்டு பிள்ளைங்களும் என் மூஞ்சியைப் பாக்குதுங்க. ஏன் லேட்டு, யாரால லேட்டுன்னு யாரும் கேக்கல. நானா திரும்பி முனீஸ்வரியைப் பாத்து, "எல்லாம் உன்னாலதான்ட்டி. அருப்புக்கோட்டையில நீ வேனை நிப்பாட்டினேல்ல? அங்க போன நேரம்தான். கேப்டனாம் கேப்டன்"னேன்.

அவ அழல. எஸ்தர்தான் அழுதுச்சு. முனீஸ்வரி எதிர் டீம் உக்காந்திருந்த பக்கம் நடந்து போனா. கொஞ்ச நேரம் கழிச்சு, பக்கத்துல வந்து மெதுவா, "டீச்சர், அந்த எதிர் டீம் பிள்ளைங்க சும்மாதான் உக்காந்திருக்காங்க. பின்னாடி கிரவுண்டுல ஒரு ஆட்டம் ஆடுவோமான்னு கேட்டேன். சரின்னுட்டாங்க. காலேஜ் மேடம்கூட இன்னும் போகல"ன்னா.

பாருங்க. அவ்வளவு திட்டு வாங்கிட்டு, போயிப் பேசி ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கா. அந்தப் பிள்ளைங்களும் நல்ல பிள்ளைங்க. ஆடாம ஜெயிச்சதுல அதுங்களுக்கும் சந்தோஷம் இல்ல போல. கிரவுண்டு இருக்கு, ஆள் இருக்கு, பாக்க வேண்டியவங்க நாற்காலியில உக்காந்திருக்காங்க.

"உனக்கு உன் சீட்டுதான் பெருசு, இல்ல?"ன்னேன். "ஏறுங்கட்டி வண்டியில."

ஏறிட்டாங்க. ஜெர்ஸியைக்கூடக் கழட்டல.

ஹெச்.எம். எழுத்துல விளக்கம் கேட்டாங்க. குடுத்தேன். "வழியில் அணித்தலைவி வண்டியை நிறுத்தச் சொன்னதாலும், வண்டியில் ஏற்பட்ட பழுதாலும்" அப்படின்னு. அணித்தலைவியை முதல்ல எழுதினேன் பாத்துக்கங்க, பழுதைப் பின்னால எழுதினேன். அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு ஹெச்.எம். கேட்டாங்க. "ஆமா டீச்சர், நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்"னா. ஏன் நிப்பாட்டினேன்னு சொல்லல. எஸ்தர் பேரை எடுக்கல. நானும் எடுக்கல. கேப்டனை மாத்தினாங்க. அதுக்கப்பறம் அவ மைதானத்துப் பக்கம் வரல. பரீட்சை எழுதினா, போயிட்டா. காலேஜுக்குப் போகல. அதுக்கு நான் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, வீட்ல கஷ்டம்... இல்ல. சொல்லலாம். நான்தான்.

ஒரு வாரத்துக்கு முந்தி எஸ்தர் போன் பண்ணுச்சு. அந்தச் சின்னப் பிள்ளை இப்ப கோவில்பட்டியில நர்ஸா இருக்கு. என் விழாவுக்குப் பழைய டீமையெல்லாம் கூட்டிட்டு வர்றதா ஏற்பாடு. "டீச்சர், எல்லாரும் வர்றோம். முனீஸ்வரி அக்காதான் வரமாட்டேங்கறாங்க. 'என்னாலதானே டீச்சருக்கு அந்த வருஷம் அவமானமாப் போச்சு, அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது'ன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துருவாங்க டீச்சர். எனக்காகத்தான் அக்கா அன்னைக்கு வண்டியை நிப்பாட்டினாங்க, பாவம்"னு சொல்லுச்சு.

அவளுக்கு என் மேல கோவம் இருக்கும்னுதான் இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன். கோவமா இருந்தா ஒருவிதத்துல எனக்கு நல்லதுதான்னு இருந்தேன். அவ வெக்கப்பட்டுட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் படவேண்டியதை அவ பட்டுட்டு இருந்திருக்கா.

அதான் இன்னைக்குக் காலையில விழாப் பத்திரிகையை எடுத்துக்கிட்டுப் போனேன். அருப்புக்கோட்டையில லோடு ஆட்டோ ஓட்டறா. தண்ணி கேன் போடறா கடைகளுக்கு. சொந்த ஆட்டோ. சுடிதாருக்கு மேல ஆம்பளச் சட்டை போட்டு, கையை மடக்கிவிட்டு, நல்லாத்தான் இருக்கா. நான் போறப்ப ஆட்டோவோட பின் டயர் பஞ்சர். கேனெல்லாம் ஏத்தின பிறகு பாத்திருக்கா. பாதியை இறக்கி வச்சுட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு இருக்கா. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன்.

"அண்ணாச்சி, நான் இன்னும் கிளம்பல. டயர் பஞ்சர். மாட்டி வர்றதுக்குப் பதினோரு மணி ஆயிரும். உங்களுக்கு அவசரம்னா பக்கத்துல ரெண்டு கேன் வாங்கிக்கங்க, நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

நான் கேட்டுட்டு நிக்கேன். இந்தா தெரு முக்குல வந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தானே சொல்றோம். சாதாரணமா, டயர் பஞ்சர், பதினோரு மணின்னு சொல்லி வச்சுட்டா. அவரும் ஏதோ சொன்னாரு, சிரிச்சா. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அந்த இடத்துலயே திரும்பி ஓடிரலாமான்னு இருந்துச்சு.

என்னைப் பாத்துட்டா. கையைச் சட்டையில தொடச்சுக்கிட்டு ஓடி வந்தா. "டீச்சர்! நீங்க எதுக்கு டீச்சர் இவ்வளவு தூரம்?" உள்ள ஓடி ஸ்டூல் கொண்டு வந்து போட்டா. பத்திரிகையைக் குடுத்தேன். வாங்கிட்டுத் தலையைக் குனிஞ்சுட்டே, "டீச்சர், அன்னைக்கு நான்..."ன்னு ஆரம்பிச்சா.

"நீ வேலையைப் பாரு, நான் பேசறேன்"னேன். அவ டயர்கிட்ட உக்காந்து நட்டைக் கழட்டறா. அவ மூஞ்சியைப் பாக்காம பேசறதுக்கு அது வசதியா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். முதுகைப் பாத்துத்தான் சொன்னேன். பிச்சைமணி சார் போன் பண்ணதைச் சொன்னேன். மூணு மணிக்கு மாத்தறேன்னு அவர் கேட்டதைச் சொன்னேன். மேலூர் தாண்டிட்டோம்னு நான் சொன்னதைச் சொன்னேன்.

அவ கை நின்னுபோச்சு.

"எத்தனை மணிக்கு டீச்சர் போன் வந்துச்சு?"

"ஏழே முக்கால்."

ஸ்டெப்னியை எடுத்து மாட்டினா. நாலு நட்டையும் முடுக்கினா. ஜாக்கியை இறக்கினா. எல்லாம் முடிச்சுட்டுத்தான் திரும்பினா.

"டீச்சர், அந்தப் பத்து நிமிஷத்தை நான் எத்தனை தடவை கழிச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? பெல்ட் கடை ஒம்பது மணிக்குத்தான் தொறந்தான். நான் நிப்பாட்டாம இருந்திருந்தாலும் வேன் பத்து நிமிஷம் முன்னால நின்னிருக்கும், கடை ஒம்பதுக்குத்தான் தொறந்திருக்கும். எப்படிப் போட்டாலும் பன்னிரண்டு மணிதான் வருது. ஆனா நீங்க சொன்னீங்கல்ல, என்னாலதான்னு. டீச்சரே சொன்னாங்களே, அப்ப நமக்குத்தான் கழிக்கத் தெரியலன்னு நெனச்சேன்."

கோவமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்மா. சும்மா சொன்னா. "மன்னிச்சுரு"ன்னேன். "அன்னைக்கு எழுத்துல குடுத்தீங்கல்ல டீச்சர்? இதையும் எழுதிக் குடுங்க"ன்னா.

ஆட்டோ முன் சீட்ல என்னை உக்கார வச்சு, ஒரு நோட்டுல இருந்து தாளைக் கிழிச்சுக் குடுத்து, பேனாவும் குடுத்தா. எழுதினேன். "அன்று தகவல் தெரிவிப்பதில் ஏற்பட்ட சிறு குழப்பத்தால் நமது அணி விளையாட இயலாமல் போனது. இதற்கு முனீஸ்வரி காரணமல்ல." கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். மனசுல பாரம் இறங்கின மாதிரிகூட இருந்துச்சு, வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அவ படிச்சா. ரெண்டாந்தரம் படிச்சா. திருப்பி என் கையில குடுத்துட்டா.

"குழப்பம்னு எழுதியிருக்கீங்க. குழப்பம் ஒன்னும் இல்லையே டீச்சர். பொய்னு எழுதுங்க."

இன்னொரு தாளைக் கிழிச்சா. நான் எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை எழுதறதுக்கு, ரெண்டே எழுத்துதான், எவ்வளவு நேரம் ஆச்சுங்கறீங்க! "நான் காரியாபட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு மேலூர் தாண்டிவிட்டோம் என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மதியம் மூன்று மணிக்கு நாம் ஆடியிருப்போம். பழியை முனீஸ்வரி மேல் போட்டேன். ஆடலாம் என்று அவள் கேட்டபோதும் நான்தான் விடவில்லை." கீழ பேரு, தேதி.

அவ வாங்கிப் படிச்சுட்டு, போன்ல போட்டோ எடுத்தா. "எங்க டீம் குரூப் இருக்கு டீச்சர். அதுல போடறேன்"னா. பன்னிரண்டு பேருக்கும் ஒரு குரூப் இருக்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். என் கண்ணு முன்னாலயே அனுப்பிட்டா. தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சா. "அம்மாகிட்டக் காட்டணும்"னா.

இறக்கி வச்ச கேனை மறுபடி ஏத்தினா. நான் ஒன்னைத் தூக்கப் போனேன், "வேண்டாம் டீச்சர், பழக்கம் இல்லாதவங்களுக்கு இடுப்புப் பிடிச்சுக்கும்"னு வாங்கிட்டா. அந்த மரியாதை மட்டும் குறையல. கிளம்பறப்பக் கேட்டேன், "வெள்ளிக்கிழமை வருவியாம்மா?"ன்னு. ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிட்டே சொன்னா:

"இல்ல டீச்சர். போன வாரம் வரமாட்டேன்னு சொன்னது வெக்கத்துல. இன்னைக்கும் வரமாட்டேன்னுதான் சொல்றேன். ஆனா இது வெக்கத்துல இல்ல."

போயிட்டா. நான் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இந்த பஸ்ஸுல ஏறினேன். ஏறினதுல இருந்து போனைப் பாத்துட்டே வர்றேன். யாராவது ஒருத்தி கூப்பிடுவா, திட்டுவா, ஏதாவது கேப்பான்னு. பதினோரு பேரு பாத்திருப்பாங்க இந்நேரம். ஒருத்தியும் கூப்பிடல. அப்பப் பாத்து மரம், பஸ் நின்னுபோச்சு, அவ்வளவுதான், கண்டக்டர் மேல பாஞ்சுட்டேன். பொய் ஒன்னும் சொல்லல, இந்தத் தடவை கத்த மட்டும்தான் செஞ்சேன். அதுக்குக் கூட ஒரு பெருமை தேடறேன் பாருங்க.

அவர்கிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும். மரத்தை இழுத்துட்டு வரட்டும், சொல்றேன். இல்ல, நானே இறங்கிப் போறேன். கொஞ்சம் நகருங்கம்மா, குடையைப் பிடிங்க...

இருங்க. போன்.

எஸ்தர்.

எடுக்கறேன். எடுத்துத்தானே ஆகணும்.

சொல்லு எஸ்தர்... ஆமா... ஆமாம்மா, பாத்தியா... இல்ல, யாரும் எழுதச் சொல்லி மிரட்டல. முனீஸ்வரி மேல ஒன்னும் இல்ல. நீ அழாத. நீயும் ஒன்னும் பண்ணல... ஆமா, எஸ்தர். அதுல இருக்கறது எல்லாம் நெஜம். என் கையெழுத்துதான்.